தேர்வுக் காலப் படபடப்பும் கைப்பேசியும்: மாணவர்கள் திக்ரும் தொழுகையும் பழகும் முறை

களியக்காவிளையைச் சுற்றியுள்ள எங்கள் ஊர்களில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு மாநிலங்களின் கவலையும் சேர்ந்தே வந்துவிடுகிறது. பள்ளிக்கூடம் குமரி மாவட்டத்தில் இருக்கும், நீட் பயிற்சி வகுப்பு திருவனந்தபுரத்தில் இருக்கும். வீட்டில் தமிழும், வகுப்பில் மலையாளமும், விடைத்தாளில் ஆங்கிலமுமாக ஒரே நாளில் மூன்று மொழிகளைக் கடந்து வரும் பிள்ளை, குழித்துறையில் பாசஞ்சர் வண்டி ஏறும்போதே கைப்பேசியைத் திறந்து, முந்தைய நாள் மாதிரித் தேர்வில் தன் பெயர் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று தேடத் தொடங்கிவிடுகிறது. நெய்யாற்றின்கரை தாண்டுவதற்குள் உள்ளங்கை வியர்த்திருக்கும், வயிறு பிசைந்திருக்கும். வகுப்பு தொடங்கும்போது அந்தப் பிள்ளையிடம் பாதி வலுதான் மிஞ்சியிருக்கும்.

நான் மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியை. வார இறுதிகளில் எங்கள் முஹல்லாவின் மதரஸாவில் பெரிய பெண்பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறேன். என் மகளும் இதே வண்டியில் போய் வந்து படித்தவள்தான். திக்ரிலும் (இறைவனை நினைத்துத் திரும்பத் திரும்பச் சொல்லும் சொற்கள்) தொழுகையிலும் அவளோடும் என் மாணவிகளோடும் நடைமுறையில் பார்த்துப் பயன் கண்டவற்றை மட்டுமே இங்கு எழுதுகிறேன். எங்கள் பகுதி ஷாஃபிஈ மத்ஹபை (மார்க்கச் சட்ட வழியை) பின்பற்றுவது என்பதால் ஓரிரு இடங்களில் அந்த வழக்கத்தையே சொல்லியிருக்கிறேன். இன்னொரு மத்ஹபான ஹனஃபி வழி வீட்டுப் பிள்ளைகள் தங்கள் உஸ்தாதிடம் (ஆசிரியரிடம்) கேட்டு அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

தொடங்குவதற்கு முன் தெளிந்துகொள்ள வேண்டிய இரண்டு விஷயங்கள்

முதலாவது, பயப்படுகிற பிள்ளையிடம் "உனக்கு ஈமான் (இறைநம்பிக்கை) போதவில்லை" என்று எவரும் சொல்லக் கூடாது, பிள்ளை தனக்குத் தானே சொல்லிக்கொள்ளவும் கூடாது. சூனியக்காரர்கள் கயிறுகளையும் தடிகளையும் வீசியபோது மூஸா (அலை) அவர்கள் தம் மனத்துக்குள் அச்சத்தை உணர்ந்தார்கள் என்று குர்ஆனின் 20-ஆம் அத்தியாயம் சொல்கிறது. மகனைப் பிரிந்த துயரத்தில் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போயின என்று 12-ஆம் அத்தியாயம் சொல்கிறது. இவர்கள் இறைத்தூதர்கள். இமாம் கஸ்ஸாலி (1058–1111) அவர்களின் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியை நான் ஆண்டுதோறும் என் மாணவிகளுக்குச் சொல்வதுண்டு. பக்தாதின் நிஸாமிய்யா மதரஸாவில் தலைமை ஆசிரியராக இருந்து, நூற்றுக்கணக்கான மாணவர்கள் கேட்கப் பாடம் நடத்திய அந்தப் பேரறிஞர், 1095-ஆம் ஆண்டில் மனப் போராட்டத்தால் நாக்கு எழாமல் போனார். மாணவர்களுக்கு ஒரு நாளாவது பாடம் சொல்லிவிட வேண்டும் என்று முயன்றும் ஒரு சொல் வரவில்லை. உணவு தொண்டையில் இறங்கவில்லை, உடல் மெலிந்தது. வைத்தியர்கள் பார்த்துவிட்டு, இது உள்ளத்தில் தொடங்கி உடலுக்கு இறங்கிய நோய் என்று சொன்னார்கள். இவ்வளவையும் மறைக்காமல் பிற்காலத்தில் அவரே எழுதி வைத்தார். தேர்வு நாள் காலையில் இட்லி இறங்காமல் தவிக்கும் பதினேழு வயதுப் பிள்ளை இதைக் கேட்கும்போது அதன் முகத்தில் ஒரு மாற்றம் தெரியும். தான் மட்டுமே இப்படி என்ற எண்ணம் நீங்குவதே பாதி ஆறுதல்.

இரண்டாவது, வணக்கத்தை இன்னொரு மதிப்பெண் பட்டியலாக ஆக்கிவிடக் கூடாது. இது இந்தக் காலத்திற்கே உரிய ஆபத்து. குர்ஆன் ஓதுவதற்கான செயலிகளில் "தொடர்ந்து இத்தனை நாள் ஓதினீர்கள்" என்று எண்ணிக்கை காட்டும் வசதி வந்துவிட்டது. ஒரு நாள் தவறினால் எண் பூஜ்ஜியத்திற்குப் போய்விடும். என் மாணவி ஒருத்தி 64 நாள் வந்த எண்ணிக்கை காய்ச்சலில் படுத்த ஒரு நாளில் அழிந்து போனதற்காக அழுதாள், அதன்பின் இரண்டு வாரம் குர்ஆனைத் தொடவே இல்லை. மன அமைதிக்காக வந்த ஓதல் அவளுக்கு இன்னொரு தரவரிசையாக மாறிப்போனது. அமல்களில் (நற்செயல்களில்) அல்லாஹ்வுக்கு மிகவும் பிரியமானது, குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படுவதே என்ற நபிமொழி, விட்ட இடத்திலிருந்து மறுநாள் அமைதியாகத் தொடரச் சொல்கிறது. ஆகவே இதில் சொல்லப்படும் எதையும் எண்ணிக்கை காட்டும் செயலியில் பதிந்து வைக்க வேண்டாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் தொடங்கவும் வேண்டாம். ஒன்றை எடுத்து, பத்துப் பதினைந்து நாள் பழகி, பிறகு அடுத்ததற்குப் போகலாம்.

கைப்பேசிக்கு வீட்டில் ஓர் இடம்

எதைப் பழகத் தொடங்குவதற்கு முன்பும் கைப்பேசி இரவில் எங்கே தூங்க வேண்டும் என்பதை வீடு தீர்மானிக்க வேண்டும். தலையணைக்கு அடியில் கைப்பேசி இருக்கும்வரை மற்ற எதுவும் நிலைக்காது என்பது என் அனுபவம்.

எங்கள் வீட்டில் இதற்கு ஒரு பனையோலைப் பெட்டி இருக்கிறது. என் உம்மா காலத்தில் கருப்பட்டி வைத்த பெட்டி அது, இன்னும் உள்ளே லேசாக அந்த மணம் இருக்கும். இஷா (இரவுத் தொழுகை) பாங்கு சொன்னதும் வீட்டில் உள்ள எல்லாருடைய கைப்பேசியும் அணைக்கப்பட்டு அதற்குள் போய், அடுக்களையில் அரிசிப் பானைக்கு மேல் அமர்ந்துவிடும். எல்லாருடைய கைப்பேசியும் என்று சொன்னதில் வாப்பாவுடையதும் அடங்கும். பெற்றோர் கையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு பிள்ளையிடம் மட்டும் பிடுங்கினால் அது தண்டனையாகவே தெரியும். அவசர அழைப்புக்கு ஒரு சாதாரண பட்டன் போன் இருந்தால் போதும். காலையில் எழுவதற்குக் கைப்பேசி அலாரம் வேண்டும் என்பார்கள். நூற்றைம்பது ரூபாய், இருநூறு ரூபாய்க்கு மேசைக் கடிகாரம் கிடைக்கிறது.

இஷாவை எல்லையாகக் கொள்வதற்கு ஓர் அடிப்படை உண்டு. நபி (ஸல்) அவர்கள் இஷாவுக்கு முன் தூங்குவதையும், இஷாவுக்குப் பின் வீண் பேச்சில் ஈடுபடுவதையும் விரும்பவில்லை என்று ஸஹீஹுல் புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் வருகிறது. அந்தப் பேச்சு இன்று உள்ளங்கைக்குள் நடக்கிறது, விடிய விடிய நடக்கிறது. படிப்பு அறிவைத் தேடும் வேலை என்பதால் இஷாவுக்குப் பின் புத்தகம் படிப்பதில் தடையில்லை. இரவு நேரத் திரை வெளிச்சம் தூக்கத்தைத் தள்ளிப்போடுகிறது என்பதும், பகலில் படித்தவை தூக்கத்தில்தான் நினைவில் உறுதிப்படுகின்றன என்பதும் மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்பவை.

எங்கள் மகள் படித்தபோது பயிற்சி நடத்தியவர்கள் தரவரிசைப் பட்டியலை இரவு 10 மணிக்கு மேல்தான் வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு இரவு ஒரு மணிவரை கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள், கேட்டால் பதில் இல்லை. மறுநாள் முதல் அந்தப் பட்டியலை அவள் சுபுஹு (விடியற்காலைத் தொழுகை) தொழுது, காலை உணவு உண்ட பின்பே பார்ப்பது என்று பேசி முடிவு செய்தோம். பட்டியலில் ஒன்றும் மாறப்போவதில்லை, பார்க்கும் பிள்ளையின் நிலை மாறியிருக்கும். அதே எண்ணைக் காலை ஏழு மணிக்குப் பார்த்தபோது, "இயற்பியலில்தான் போயிருக்கிறது, உம்மா" என்று காரணத்தைச் சொல்ல முடிந்தது.

ஒளூவும் தொழுகையும்: நாளை ஐந்தாகப் பிரிப்பது

பதற்றம் கொண்ட மனத்திற்கு நாள் முழுவதும் ஒரே நீளமான பாரமாகத் தெரியும். ஐந்து வேளைத் தொழுகை அந்தப் பாரத்தை ஐந்து இடங்களில் இறக்கி வைக்கச் செய்கிறது. "பிலாலே, தொழுகையைக் கொண்டு எங்களுக்கு இளைப்பாறுதல் கொடுங்கள்" என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டதாக அபூதாவூதில் வருவதை இந்தப் பொருளில்தான் நான் பிள்ளைகளுக்கு விளக்குகிறேன். தொழுகை நேரத்தைப் படிப்பில் இருந்து பிடுங்கப்பட்ட நேரமாக நினைக்கும் பிள்ளை அவசர அவசரமாகத் தொழுதுவிட்டு வரும், அந்தத் தொழுகையில் இளைப்பாறுதல் கிடைக்காது.

செய்ய வேண்டியது இதுதான். பாங்கு கேட்கும்போது எந்தக் கணக்கில் இருந்தாலும் அந்த வரியை முடித்து, பேனாவை மூடி, புத்தகத்தில் ஒரு தாளை வைத்து எழுந்துவிட வேண்டும். பாங்குக்குப் பதில் சொல்லிக்கொண்டே ஒளூவுக்கு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவதற்கு) போகலாம். குழாயை முழுதாகத் திறக்காமல், சிறிதளவு தண்ணீரில், ஒவ்வோர் உறுப்பையும் நிதானமாகக் கழுவ வேண்டும். முழங்கை வரை, கணுக்கால் வரை தண்ணீர் படும்போது அது எங்கே படுகிறது என்பதைக் கவனித்தாலே போதும், ஓடிக்கொண்டிருந்த மனம் உடலுக்குத் திரும்பிவிடும். ருகூஉவிலும் (குனிந்து நிற்பது) ஸஜ்தாவிலும் (நெற்றியைத் தரையில் வைப்பது) தஸ்பீஹை (இறைத்துதியை) மூன்று முறையும் முழுதாக உச்சரிக்க வேண்டும். ஸஜ்தாவில் நெற்றி தரையில் பட்டிருக்கும்போது, சொந்த மொழியில் மனத்துக்குள் கேட்க நினைப்பதைக் கேட்கலாம். அடியான் தன் இறைவனுக்கு மிக நெருக்கமாக இருப்பது ஸஜ்தாவில்தான் என்பதும், அங்கே துஆவை (பிரார்த்தனையை) அதிகப்படுத்துங்கள் என்பதும் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள நபிமொழி.

ஐந்து வேளையும் இப்போதே கைகூடாத பிள்ளைகள் சுபுஹைப் பிடித்துக்கொண்டு தொடங்கலாம். எங்கள் பள்ளிவாசல்களில் சுபுஹின் இரண்டாவது ரக்அத்தில் (தொழுகையின் ஒரு சுற்று) இமாம் குனூத் என்ற துஆவை ஓதும்போது, கைகளை ஏந்தி, வரிக்கு வரி எல்லாரும் ஆமீன் சொல்லும் அந்தச் சில நிமிடங்களை நான் பெரிய பாக்கியமாகக் கருதுகிறேன். "நீ நேர்வழி காட்டியவர்களுடன் எனக்கும் நேர்வழி காட்டு, நீ சுகமளித்தவர்களுடன் எனக்கும் சுகமளி" என்று போகும் அந்த துஆவின் பொருளைப் பிள்ளைக்கு ஒருமுறை சொல்லிக் கொடுத்துவிட்டால், அதன்பின் அது வெறும் சத்தமாகக் காதில் விழாது.

இரவில் செய்யும் திக்ர்

பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பகலில் வராத பயம் இரவில்தான் வரும். இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

நபி (ஸல்) அவர்களின் மகள் ஃபாத்திமா (ரலி) அவர்களுக்குத் திரிகை சுற்றிச் சுற்றிக் கையில் காய்ப்பு ஏறிவிட்டது. உதவிக்கு ஒரு பணியாளர் கிடைக்குமா என்று கேட்கத் தந்தையின் வீட்டுக்குப் போனார்கள், அப்போது நபியவர்கள் வீட்டில் இல்லை. செய்தி அறிந்து இரவில் நபியவர்களே வந்தபோது மகளும் மருமகன் அலீ (ரலி) அவர்களும் படுக்கைக்குப் போய்விட்டிருந்தார்கள். எழ முயன்றவர்களைத் தடுத்து, இருவருக்கும் நடுவே அமர்ந்தார்கள். அவர்களுடைய பாதங்களின் குளிர்ச்சியை என் நெஞ்சில் உணர்ந்தேன் என்று அலீ (ரலி) பிற்காலத்தில் சொன்னார்கள். நீங்கள் கேட்டதை விடச் சிறந்த ஒன்றைச் சொல்லித் தரட்டுமா என்று கேட்டுவிட்டு, படுக்கைக்குப் போகும்போது ஸுப்ஹானல்லாஹ் 33 முறை, அல்ஹம்துலில்லாஹ் 33 முறை, அல்லாஹு அக்பர் 34 முறை சொல்லும்படி கற்றுக் கொடுத்தார்கள். உழைத்துக் களைத்த ஒரு பெண்ணுக்கு, படுக்கையில் வைத்து, தந்தை கொடுத்த திக்ர் இது. ஆகையால்தான் களைத்துப் படுக்கும் மாணவிக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை என்னால் நினைக்க முடியவில்லை.

சொல்லும் முறை வருமாறு. ஒளூ செய்து, வலப்பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொள்ள வேண்டும். எண்ணுவதற்குச் செயலியோ, விரலில் மாட்டும் மின்னணுக் கருவியோ வேண்டாம். விரல்களால் எண்ணுங்கள், அவை மறுமையில் விசாரிக்கப்பட்டுப் பேச வைக்கப்படும் என்று நபியவர்கள் பெண்களுக்குச் சொன்ன செய்தி திர்மிதியிலும் அபூதாவூதிலும் இருக்கிறது. ஒரு விரலுக்கு மூன்று வரைகள் (கோடுகள்) என்று கொண்டால் இரு கைகளின் பத்து விரல்களுக்கும் முப்பது ஆகும். மீண்டும் ஒரு விரலைத் தொட்டால் முப்பத்து மூன்று. சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு வரையையும் பெருவிரலால் மெல்ல அழுத்திக்கொண்டே வர வேண்டும். மூச்சை உள்ளே இழுக்கும்போது சொல்லாமல், வெளியே விடும்போது, "ஸுப்ஹா...னல்லாஹ்" என்று நெடிலை அதன் அளவுக்கு நீட்டி உதட்டளவில் சொல்ல வேண்டும். நீண்டு வெளிவரும் மூச்சோடு நெஞ்சின் துடிப்பும் தணிவதை ஐந்தாறு விரல் கடப்பதற்குள் பிள்ளையே உணர்ந்துவிடும். நடுவில் வேதியியல் பாடம் நினைவுக்கு வந்து எண்ணிக்கை தவறினால் பதற வேண்டாம். நினைவு இருக்கும் விரலில் இருந்து தொடரலாம்.

இதற்கு முன்போ பின்போ, இரு உள்ளங்கைகளையும் சேர்த்து, குல்ஹுவல்லாஹு அஹது, ஃபலக், நாஸ் ஆகிய மூன்று சூராக்களையும் (குர்ஆன் அத்தியாயங்களையும்) ஓதி, கைகளில் ஊதி, தலையிலும் முகத்திலும் உடம்பிலும் தடவிக்கொள்ளும் வழக்கம் நபியவர்களுடையது. மூன்று முறை இப்படிச் செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். சிறுவயதில் உம்மாமார் நமக்குச் செய்துவிட்டதுதான். வளர்ந்த பிள்ளைக்குத் தேர்வுக்கு முந்தைய இரவில் தாயே பக்கத்தில் இருந்து ஓதி ஊதிவிடலாம். பெரிய பிள்ளை என்று கூச்சப்பட வேண்டியதில்லை.

கவலைக்கென்றே நபியவர்கள் அடிக்கடி கேட்டுவந்த துஆ ஒன்றும் உண்டு. "அல்லாஹும்ம இன்னீ அஊது பிக மினல் ஹம்மி வல் ஹஸன், வல் அஜ்ஸி வல் கஸல், வல் புக்லி வல் ஜுப்ன், வ ளலஇத் தைனி வ கலபத்திர் ரிஜால்." வரப்போவதைப் பற்றிய கவலையை ஹம்மு என்றும், நடந்து முடிந்ததைப் பற்றிய துயரத்தை ஹஸன் என்றும் உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) பிரித்துச் சொல்வார்கள். அதோடு இயலாமை, சோம்பல், கஞ்சத்தனம், கோழைத்தனம், கடன் பாரம், மனிதர்களின் அடக்குமுறை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பாதுகாப்புத் தேடப்படுகிறது. இந்தப் பெயர் சொல்லுதலைப் பிள்ளைகளும் பழக வேண்டும் என்பேன். "எனக்கு ஒரே டென்ஷனாக இருக்கிறது" என்பதோடு நிறுத்திவிடாமல், எந்தப் பயம், எதைக் குறித்து என்று ஒரு தாளில் எழுதச் சொன்னால், "கரிம வேதியியல் முடிக்கவில்லை", "வாப்பா கடன் வாங்கிப் பணம் கட்டினார்" என்று இரண்டு மூன்று வரிகள் வரும். முதலாவதற்கு நாளைக்கே ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். இரண்டாவதை வாப்பாவோடு பேச வேண்டும். மிச்சத்தை அல்லாஹ்விடம் ஒப்படைத்துவிட்டுப் படுக்கலாம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் (இறைவன்மேல் நம்பிக்கை) வை என்ற நபிமொழியின் நடைமுறை இதுதான்.

குடும்பமாகச் செய்வதற்கும் ஒன்றைச் சொல்கிறேன். யமன் நாட்டின் தரீமில் வாழ்ந்த இமாம் அப்துல்லாஹ் அல்-ஹத்தாத் (1634–1720) தொகுத்த ராத்தீபை (திக்ருத் தொகுப்பை) இஷாவுக்குப் பின் ஓதும் வழக்கம் கேரளத்தில் பரவலாக இருக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கமும் பல வீடுகளில் உண்டு. இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். வீட்டில் நாலு பேர் வட்டமாக அமர்ந்து, ஒரே குரலில் "லா இலாஹ இல்லல்லாஹ்" சொல்லும்போது, தனியாகப் பயந்து கொண்டிருந்த பிள்ளையின் குரலும் அந்தக் குரலோடு சேர்ந்துவிடுகிறது. ரஜப் மாதத்தில் தக்கலையில் சூஃபிக் கவிஞர் பீரப்பாவின் ஞானப்புகழ்ச்சிப் பாடல்களைக் கூட்டமாகப் பாடுவதை இரவில் இருந்து கேட்டவர்களுக்கு நான் சொல்வது எளிதில் விளங்கும்.

மற்றவர் வாழ்க்கையைப் பார்த்துக்கொண்டே இருப்பது

இன்ஸ்டாகிராமில் யாரோ ஒரு பிள்ளை நாளைக்குப் பதினான்கு மணி நேரம் படிப்பதாகக் காணொளி போடும். இன்னொரு பிள்ளை வெள்ளைக் கோட்டு அணிந்து மருத்துவக் கல்லூரி வாசலில் நிற்கும். உங்களுக்குக் கீழே இருப்பவர்களைப் பாருங்கள், மேலே இருப்பவர்களைப் பார்க்காதீர்கள், அல்லாஹ் உங்களுக்குத் தந்த அருளை அற்பமாக எண்ணாமல் இருக்க அதுவே ஏற்றது என்று நபியவர்கள் சொன்னார்கள். ஆனால் திரையில் வருவதெல்லாம் மேலே இருப்பவர்களின் மிக நல்ல ஐந்து விநாடிகள்தான். தேர்வு முடியும்வரை அந்தச் செயலியை நீக்கிவிடுவதே நல்லது. முடியாதவர்கள் நாளில் ஒரு நேரத்தை, அஸருக்கு (மாலைத் தொழுகை) பின் இருபது நிமிடம் என்பது போல, வகுத்துக்கொள்ளலாம். பார்த்து முடித்ததும் அன்றைக்குத் தனக்குக் கிடைத்தவற்றில் மூன்றைச் சொல்லி அல்ஹம்துலில்லாஹ் சொல்ல வேண்டும். பொதுவாகச் சொல்லாமல் குறிப்பாகச் சொல்ல வேண்டும். "வண்டியில் உட்கார இடம் கிடைத்தது" என்பது போல.

குர்ஆனைக் கைப்பேசியில் ஓதுவது கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் மேலே வாட்ஸ்அப் செய்தி எட்டிப் பார்க்கும் திரையில் மனம் ஒன்றுவது கடினம். ஒரு சிறிய முஸ்ஹஃபை (குர்ஆன் புத்தகத்தை) மேசையில் வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு அரைப் பக்கம் ஆனாலும் பொருளோடு ஓதுவது மேல். தொடக்கத்திற்கு 93, 94-ஆம் அத்தியாயங்களான ளுஹாவும் இன்ஷிராஹும் போதும், இரண்டும் சேர்ந்து 19 வசனங்கள்தான். வஹீ (இறைச்செய்தி) வருவது சில காலம் நின்றிருந்தபோது இறங்கியது ளுஹா. "உம் இறைவன் உம்மைக் கைவிடவில்லை, வெறுக்கவும் இல்லை" என்ற வசனத்தை, எதிர்பார்த்த மதிப்பெண் வராத பிள்ளை தன்னிடமே சொல்லப்பட்டதாக எடுத்துக்கொண்டு ஓதலாம்.

தேர்வு நாளில்

நீட் தேர்வு பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை நடக்கிறது, 1.30-க்குப் பின் உள்ளே விடுவதில்லை. மே மாதத்தில் எங்கள் பகுதியில் லுஹர் (நண்பகல் தொழுகை) நேரம் 12.30-க்கு முன்பே வந்துவிடும். தேர்வு மையத்துக்கு அருகிலுள்ள பள்ளிவாசலை முந்தைய நாளே விசாரித்து வைத்து, லுஹரை அதன் தொடக்க நேரத்திலேயே தொழுதுவிட்டு உள்ளே போகலாம். அஸரைத் தேர்வு முடிந்து வந்து தொழ நேரம் தாராளமாக இருக்கும். ஹிஜாப் போன்ற மார்க்க உடை அணிபவர்களைச் சோதனைக்காக முன்கூட்டியே வரச் சொல்கிறார்கள் என்பதால், அந்தக் கணக்கையும் சேர்த்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

வினாத்தாள் வரும் வரையிலான சில நிமிடங்களுக்கு மூஸா (அலை) அவர்களின் துஆ இருக்கிறது. "ரப்பிஷ்ரஹ் லீ ஸத்ரீ, வ யஸ்ஸிர் லீ அம்ரீ, வஹ்லுல் உக்ததம் மின் லிஸானீ, யஃப்கஹூ கவ்லீ." கொடுங்கோல் மன்னன் ஃபிர்அவ்னிடம் போகச் சொல்லப்பட்டவர், அவனைத் தோற்கடித்துத் தா என்று கேட்கவில்லை. என் நெஞ்சை விரிவாக்கு என்றுதான் முதலில் கேட்டார். நெஞ்சில் இடம் இருந்தால் மற்றது நடக்கும். உள்ளே எந்தக் கேள்வியிலாவது மனம் இறுகிப் போனால், பேனாவைக் கீழே வைத்து, கண்ணை மூடி, "ஹஸ்புனல்லாஹு வ நிஃமல் வகீல்" என்று மூன்று மூச்சுகளில் மூன்று முறை சொல்லிவிட்டு, அந்தக் கேள்வியை விட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். இப்ராஹீம் (அலை) நெருப்பில் போடப்பட்டபோது சொன்ன சொல் அது. முப்பது விநாடிக்கு மேல் ஆகாது.

தேர்வு முடிந்து வெளியே வந்ததும் விடைக்குறிப்புக் காணொளிகளைத் தேடக் கூடாது என்பதை வீட்டில் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவரின் உதவி தேவைப்படும் இடம்

மார்க்கப் பற்றுள்ள வீடுகளில் எளிதில் கவனம் தப்பிவிடும் ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். சில பிள்ளைகள் ஒளூவை ஐந்து முறை, ஆறு முறை செய்வார்கள். நிய்யத் (தொழும் எண்ணம்) சரியாக வரவில்லை என்று தக்பீரை (தொழுகையைத் தொடங்கும் சொல்லை) கட்டிக் கட்டி அவிழ்ப்பார்கள், கழுவிக் கழுவிக் கைத்தோல் வெடித்திருக்கும். பார்ப்பவர்கள் பேணுதல் என்று மெச்சுவார்கள். உலமாக்கள் இதை வஸ்வாஸ் (ஓயாத சந்தேகம்) என்று அடையாளம் கண்டு, அதற்கு இடம் கொடுக்காதே, திரும்பச் செய்யாதே என்றுதான் சொல்லிவந்திருக்கிறார்கள். அப்படிச் சொல்லியும் பிள்ளையால் நிறுத்த முடியவில்லை என்றால் அது மனநல மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட, குணப்படுத்தக்கூடிய நோய். அத்தகைய பிள்ளைக்கு மேலும் மேலும் திக்ரின் எண்ணிக்கையைக் கூட்டிக் கொடுப்பது எரிகிற அடுப்பில் விறகு வைப்பதாகும்.

அதேபோல, இரண்டு வாரத்திற்கு மேல் தூக்கமும் பசியும் இல்லாமல் இருப்பது, முன்பு விரும்பிய எதிலும் பற்றில்லாமல் போவது, காரணமின்றி மூச்சடைத்து நெஞ்சு படபடப்பது, "நான் இல்லாவிட்டால் நல்லது" என்ற பேச்சு ஒருமுறை வந்தாலும் கூட, தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். அல்லாஹ்வின் அடியார்களே, மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்றது நபியின் கட்டளை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அபூ ஸைது அல்-பல்கி (850–934) என்ற முஸ்லிம் அறிஞர், உடலுக்கு நோய் வருவதைப் போல மனத்துக்கும் வரும், இரண்டுக்கும் வைத்தியம் உண்டு என்று பயத்தையும் துயரத்தையும் தனித்தனியே எடுத்து எழுதினார். நெஞ்சை விரிவாக்கக் கேட்ட மூஸா (அலை) அதே துஆவின் தொடர்ச்சியில், என் குடும்பத்திலிருந்து என் சகோதரர் ஹாரூனை எனக்குத் துணையாக ஆக்கு என்றும் கேட்டார்கள். பேசுவதற்கு ஒரு மனிதர் வேண்டும் என்று கேட்பது நபிமார்கள் செய்தது. ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஹாரூன் யார் என்று பெற்றோர் அறிந்து வைத்திருக்க வேண்டும். அது காக்காவாக (அண்ணனாக) இருக்கலாம், மாமியாக இருக்கலாம், பள்ளிக்கூட ஆசிரியராகவும் இருக்கலாம்.

முடிவு வரும் நாளும் அதற்குப் பின்னும்

முடிவு வெளியாகும் நேரத்தில் இணையதளம் திணறும், பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். பிள்ளை அந்தச் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. ஒளூ செய்து இரண்டு ரக்அத் தொழுதுகொண்டிருக்கட்டும், வீட்டில் நிதானமான ஒருவர் பார்க்கட்டும். நல்ல செய்தி என்றால் உடனே ஷுக்ருடைய (நன்றியின்) ஸஜ்தா செய்யலாம், ஒளூ ஏற்கெனவே இருக்கிறது. எதிர்பார்த்தது வரவில்லை என்றால், "இப்படிச் செய்திருந்தால் அப்படி ஆகியிருக்குமே" என்ற பேச்சை வீட்டில் எவரும் எடுக்கக் கூடாது. நடந்தது அல்லாஹ்வின் விதி, அவன் நாடியதைச் செய்தான் என்று சொல்லுங்கள், "இருந்தால்" என்ற சொல் ஷைத்தானின் வேலைக்கு வழி திறக்கும் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள அறிவுரை. மதிப்பெண்ணைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதா வேண்டாமா என்பதைப் பிள்ளையிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அன்று மாலை வரை எந்தக் குழுவிலும் பதில் சொல்லாமல் இருந்தால் ஒன்றும் கெட்டுப் போகாது.

அடுத்து எந்தப் படிப்பு, நாகர்கோவிலா திருவனந்தபுரமா என்ற குழப்பம் வரும்போது இஸ்திகாரா (நல்லதைத் தேர்ந்து தரும்படி இறைவனிடம் கேட்கும் தொழுகை) தொழலாம். குர்ஆனின் ஒரு சூராவைக் கற்றுத் தருவது போல எல்லா விஷயங்களுக்கும் இஸ்திகாராவை நபியவர்கள் எங்களுக்குக் கற்றுத் தந்தார்கள் என்கிறார் ஜாபிர் (ரலி). ஃபர்ளு (கட்டாயத் தொழுகை) அல்லாத இரண்டு ரக்அத் தொழுது அதற்குரிய துஆவை ஓத வேண்டும். கனவு வர வேண்டும் என்ற நிபந்தனை ஹதீஸில் (நபிமொழியில்) இல்லை. கனவுக்காகக் காத்திருந்து விண்ணப்பத்தின் கடைசி நாளைத் தவறவிட்ட பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். கல்லூரியைப் பற்றி விசாரித்து, கட்டணத்தைக் கணக்குப் பார்த்து, படித்தவர்களிடம் கேட்டு, ஒரு பக்கம் மனம் சாய்ந்த பின் தொழுதுவிட்டு விண்ணப்பத்தை அனுப்பலாம். அன்றிரவும் இஷாவுக்குப் பின் கைப்பேசி பெட்டிக்குள் போகட்டும்.